சக்கரங்களுக்குக் கிடைத்த சுயேச்சை

பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கி, அதன் புறத்தோற்றத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, உள்ளிருக்கும் யந்திரங்களையெல்லாம் தம் மனம்போல மாற்றி அமைப்பதை அமெரிக்காவில் பலர் ஒரு கலையாகவே பயின்று வருகிறார்கள். 'ஹாட் ராட்' என்று வழங்கும் இவ்வாகனங்களுக்கு 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு கார் மிகவும் பிரியமான மூலப்பொருள். வலிமை மிக்க புதிய இஞ்சினை அதில் ஏற்றிவிடுவது அத்தனை கடினமல்ல. அந்த வலிமையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அச்சக்கரங்கள் எந்நேரமும் சாலையைப் பற்றி நிற்கச் செய்வதுமே கைதேர்ந்தவர்களின் சாமர்த்தியத்துக்கு உரைகல்.

அந்த ஃபோர்டில் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே இரும்பு ஹவுசிங்கின் இரு முனைகளில் பூட்டப்பட்டவை. அவற்றுக்கிடையே குறுக்காக வளைந்து நிற்பது ஒற்றைப் பட்டை ஸ்பிரிங். வலச் சக்கரம் ஒரு கல்லின்மீது ஏறினால், ஒரு பாவமும் அறியாத இடச் சக்கரமும் உடன் சாய்கிறது. அன்றியும், ஹவுசிங்கின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியலின் பாரம் முழுவதும் சக்கரங்களோடு சேர்ந்தே எழுந்து விழுவதால், டயர் தரையை விட்டு எழும்பும் க்ஷணங்களும் மிகுகின்றன.

இக்குறைக்குப் பரிகாரமாக ஹாட் ராட் பிரியர்கள் நாடியவற்றுள் முக்கியமானது, இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனியார் 1961-இல் ஈ-டைப், மார்க் 10 ஆகிய கார்களில் அறிமுகப்படுத்திய பின்புற சஸ்பென்ஷன். அதில் டிஃபரன்ஷியல் ஓர் எஃகுக் கூட்டினுள் நிலையாகப் பொருத்தப்பட, அக்கூடு ரப்பர் மெத்தைகளின் வழியே காரின் உடலோடு இணைகிறது. கூட்டின் இருபுறமும் கீழே ஒரு கை சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசைய, மேலே, மடங்கியபடியே சுழலவல்ல இரண்டு கிராஸ் ஜாயிண்டுகள் கொண்ட குறுந்தண்டு, சக்கரத்தைச் சுழற்றுவதோடு நில்லாமல், அதை நிமிர்த்திப் பிடிக்கும் மேற்கையாகவும் ஊழியம் செய்கிறது. பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு காயில் ஸ்பிரிங்குகள். டிஸ்க் பிரேக்குகளோ டிஃபரன்ஷியலை ஒட்டி அமைந்து, சக்கரத்தின் பாரத்தை மேலும் குறைக்கின்றன. 1968-இல் வெளிவந்த எக்ஸ்ஜே6 காரிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தமையால், பழைய கார்களை உடைக்குமிடங்களில் இவ்வமைப்பு முழுமையாகவே கிடைக்கலாயிற்று.

ஆனால் ஃபோர்டின் குறுகிய சேசிஸுக்கு ஜாகுவாரின் கூடு எளிதில் பொருந்துவதில்லை. ஆதலால் கூட்டை நீக்கிவிட்டு, சேசிஸின் குறுக்கே செல்லும் புதிய கிராஸ்மெம்பர் ஒன்றை வெல்டிங் செய்து, அதில் டிஃபரன்ஷியலைப் பிணைப்பது வழக்கம். நிதானம் வேண்டிய கட்டம் இது. இஞ்சின் வேகமெடுக்கும்போது டிஃபரன்ஷியலின் சிறு பல்சக்கரமான பினியன், பெரிய பல்சக்கரமான கிரவுன்மீது ஏற முயல்வதால், டிஃபரன்ஷியலின் மூக்கு மேல்நோக்கி எழப் பார்க்கிறது. அந்த முறுக்கம் முழுவதையும் இனிக் கிராஸ்மெம்பரே தாங்க வேண்டும். கூட்டின் அடித்தகடு கீழ்க்கைகளின் மூட்டுகளை விலகாமல் கட்டி வைத்திருந்தது. கூட்டைக் களைந்தவர் அதற்கு ஈடான தகடு ஒன்றைச் செய்தே தீர வேண்டும். சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் முன்மூட்டு, கீழ்க்கை சுழலும் அச்சின் நேர்கோட்டிலேயே அமைவது உத்தமம். விலகினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து சஸ்பென்ஷன் இறுகிப்போகும். ஜாகுவாரின் பெரிய ரப்பர் புஷ் பொறுத்துக்கொண்ட வித்தியாசத்தை, பட்டறையில் செய்த இரும்பு மூட்டு பொறுப்பதில்லை. சக்கரங்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நின்றால், குறுந்தண்டையும் கீழ்க்கையையும் ஒரே அளவு வெட்டிக் குறுக்க வேண்டும்.

இனி, கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட். பழைய ஃபோர்டில் அது ஹவுசிங்கோடு இணைந்த ஒரு குழாய்க்குள் மறைந்திருந்தது. இப்போது இரு முனைகளிலும் கிராஸ் ஜாயிண்ட் கொண்ட திறந்த தண்டு புதிதாகச் செய்யப்பட வேண்டும். கிராஸ் ஜாயிண்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: அது 10 பாகை மடங்கி நின்றால், சீராக வரும் 100 பங்கு வேகத்தை, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 98.5-க்கும் 101.5-க்கும் இடையே ஊசலாட விடுகிறது. மறுமுனை ஜாயிண்டும் அதே அளவு மடங்கி, இரண்டின் கவைகளும் ஒரே வரிசையில் நின்றால், முதலாவது செய்த அநியாயத்தை இரண்டாவது நேர்செய்துவிடும். ஆகையால் கியர் பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் அவசியம். டிஃபரன்ஷியல் நிலையாக நிற்பதால், ஒருமுறை அமைத்த கோணம் பெரிதும் மாறுவதில்லை. எனினும் கோணமே இல்லாமற் போனால் ஜாயிண்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஓரிடத்திலேயே அழுந்திப் பள்ளம் விழும். ஒரு பாகை அளவாவது சாய்வு இருப்பது நலம். தண்டு நீளமாகவும் மெலிந்தும் இருந்தால், மிகுந்த வேகத்தில் ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் வில்லாக வளையும். நீளம் இருமடங்கானால் அந்த ஆபத்தான வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுமாதலால், குழாயின் பருமனும் பாலன்ஸிங்கும் அலட்சியத்துக்கு உரியனவல்ல.

ஜாகுவாரின் இவ்வமைப்புக்குக் குறைகளும் இல்லாமலில்லை. பிரேக்கின் உஷ்ணம் அருகிலுள்ள ஆயில் சீலைக் கெடுக்க, கசிந்த ஆயில் டிஸ்க்கில் படிந்து பிரேக்கையே பலவீனமாக்கும். அதைச் சரிசெய்ய மெக்கானிக் காருக்கு அடியில் வெகு நேரம் படுத்துக் கிடக்க நேரிடும். ஆயினும் கரடுமுரடான வளைவில் ஒரு சக்கரத்தின் அதிர்ச்சி மறுசக்கரத்தைக் குலைக்காமல் கார் செல்வதை உணர்ந்தவர்கள், இந்தச் சிரமத்தைப் பெரிதாக எண்ணுவதில்லை. சக்கரங்கள் பெற்ற சுயேச்சையின் பாரத்தையெல்லாம் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலும், அதைப் பிடித்திருக்கும் கிராஸ்மெம்பரும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே இப்படி மாற்றியமைத்த காரை விலைக்கு வாங்க நினைப்பவர், பளபளக்கும் குரோமியப் பூச்சில் மயங்கி நில்லாமல், அந்தக் கிராஸ்மெம்பரின் வெல்டிங்கை முதலில் பரிசோதிப்பதே விவேகம்.