ஒரு வாய்க்கால், பல வயல்கள்

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் தோப்பூர். வட்டை விதானை என்ற பதவிப் பெயர் கிழக்கிலங்கை உழவர்க்குப் புதிதன்று. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிடுவது அவர் கடமை. அவர் எவர் வயலிலும் ஏர் பிடிப்பதில்லை, விதைப்பதுமில்லை. ஆயினும் அவர் இல்லையேல் மேல்வயற்காரர் நீர் முழுவதையும் வாரிக்கொள்வர். கடைவயற் பயிர் கருகிப்போகும்.

இவ்வழக்கே நம் வீட்டு மேசைமேல் இருக்கும் கணினிக்குள்ளும் நடைபெறுகிறது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். மகன் இணைய வகுப்பைப் பார்க்கிறான். அதே திரையில் ஒரு விளையாட்டும் திறந்திருக்கிறது. தந்தையாரின் வங்கிக் கணக்குப் பக்கமும் இருக்கிறது. மூன்றுக்கும் படம் வரைந்து தருவது ஒரே வரைவியல் அட்டை. பிரயோக மென்பொருள்கள் யாவும் அதனைத் தாமே தொட முனைந்தால் என்னாகும்? ஒன்று வரைந்ததை மற்றொன்று அழிக்கும். கணினியே மரத்து நின்றுவிடவும் கூடும்.

எவரும் படிக்கத்தக்கதாய்த் திறந்து வைக்கப்பட்டுள்ள லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் வரலாறு இதற்கு நல்ல சான்று. முற்காலத்தில் அதன் திரையை எக்ஸ் என்னும் சாளர மென்பொருள் முழு அதிகாரத்துடன் நேரடியாக ஆண்டது. எழுத்துத் திரையையோ முறைமையின் கரு ஆண்டது. ஒரு வயலுக்கு இரு விதானைகள்! ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது திரை துடிக்கும். எக்ஸ் முறிந்து விழுந்தால் திரை இருண்டே கிடப்பதும் உண்டு.

1999ஆம் ஆண்டளவில் பிரிசிஷன் இன்சைட் என்னும் நிறுவனத்தார் கருவுக்குள் ஒரு மேலாளரை அமைத்தனர். பிரயோகங்கள் ஒரே பூட்டை முறைப்படி பெற்று, வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பூட்டை எடுத்தவர் விடாமற் பிடித்துக்கொண்டால் ஏனையோர் காத்திருக்க வேண்டியதே.

ஆகவே 2008 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.28 பதிப்பில், இன்டெல் பொறியியலாளர் உருவாக்கிய புதிய நினைவக முறை இடம்பெற்றது. வரைவியல் நினைவகத்தைப் பங்கிடும் பொறுப்பைக் கருவே ஏற்றது. 2009 மார்ச்சில் வந்த அடுத்த பதிப்பில் திரையின் அளவையும் அமைப்பையும் ஆளும் பொறுப்பும் அதனிடம் சேர்ந்தது. 2012இல், ஒரு சாதனம் நிரப்பிய நினைவகத்தை மற்றொரு சாதனம் படியெடுக்காமலே பயன்படுத்த வழி பிறந்தது. அதனை எழுதியவர் சுமித் செம்வால். நிழற்படக் கருவி தந்த காட்சி நேரே திரைக்கு வருவது இவ்வகையிலேயே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கரு தானாகப் படம் வரைவதில்லை. வரையும் கலை மெசா போன்ற நூலகங்களிடம் உள்ளது. யாருக்கு எவ்வளவு இடம், யார் முறை எப்போது, வரைந்து முடியுமுன் திரைக்கு வரலாகாது என்பனவற்றையே கரு காக்கிறது. ஒருவர் வயல்நீர் மற்றவர் வரப்பை உடையாதவாறு, வங்கிப் பக்கத்தின் உருவை விளையாட்டு எட்டிப் பார்க்காதவாறு காப்பதும் அதன் கடனே.

லினக்ஸ் கணினியுடைய மாணவர்கள் 'டெவ்' கோப்புறைக்குள் 'டி.ஆர்.ஐ.' என்பதனைத் திறந்து பார்க்கலாம். 'கார்ட்' என்றும் 'ரெண்டர்' என்றும் தொடங்கும் வாயில்களைக் காண்பர். திரையை ஆளும் உரிமை முன்னையதற்கே உண்டு; 2013இல் வந்த பின்னையது வரையவும் கணிக்கவும் மட்டுமே இடந்தரும். நீர் கேட்பவருக்கெல்லாம் மடையின் திறவுகோலைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து.

பொதுப்பொருள் ஒன்றைப் பலர் ஆள வேண்டுமிடத்து, வலியவன் கை ஓங்காதிருக்க நடுநிலையாளன் ஒருவன் வேண்டும். வயலில் நம் முன்னோர் கண்ட இவ்வுண்மையைப் பொறியியலாளரும் பட்டுத்தான் அறிந்தனர்.