30 டிகிரி எப்படி 61 ஆகிறது?

ஆர்டுயினோ ஊனோ போர்டில் எல்எம்35 வெப்ப உணரியை இணைத்தால், அறையின் வெப்பநிலை கணினித் திரையில் எண்ணாக வந்துவிடும். ஆனால் உணரிக்கு எண் எதுவும் தெரியாது. டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் வீதம் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். அதை எண்ணாக்குவது, போர்டிலுள்ள ஏடிமெகா328பி சிப்புக்குள் இருக்கும் அனலாக்-டிஜிட்டல் மாற்றி.

வந்த மின்னழுத்தத்தை முதலில் ஒரு சிறு மின்தேக்கி பிடித்து வைத்துக்கொள்கிறது. அளந்து முடியும்வரை அது மாறக் கூடாது. பிறகு நடப்பது தராசில் எடை பார்க்கும் வேலை. முழு அளவு 5 வோல்ட் என்றால் முதல் படிக்கல் 2.5 வோல்ட், அடுத்தடுத்த கல் முந்தையதில் பாதி. கல் கனத்தால் எடுத்துவிட்டு 0, நின்றால் விட்டுவைத்து 1. நம் 300 மில்லிவோல்ட்டுக்கு முதல் நான்கு கற்களும் கனம். ஐந்தாவதான 156 மில்லிவோல்ட் நிற்கிறது. பத்துக் கல்லும் முடிந்ததும் கிடைப்பது 0000111101, அதாவது 61.

பத்து பிட்டுக்கு 1024 நிலைகள். ஒரு நிலை சுமார் 4.9 மில்லிவோல்ட், ஏறத்தாழ அரை டிகிரி. இன்னும் நுட்பம் வேண்டுமென்றால், சிப்புக்குள்ளேயே உள்ள 1.1 வோல்ட்டை முழு அளவாக வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒரு நிலை பத்தில் ஒரு டிகிரி ஆகிவிடும். ஆனால் 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது.

நுட்பம் கூடக்கூடத் தொல்லையும் கூடும். அதே சிலிக்கானில் புராசஸர் நொடிக்கு 1.6 கோடி துடிப்புகளில் ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் குதிக்க, சப்ளையும் கிரவுண்டும் சற்றே ஆடும். 0, 1 மட்டுமே பார்க்கும் டிஜிட்டல் பகுதிக்கு அந்த ஆட்டம் பொருட்டல்ல. ஒரு மில்லிவோல்ட்டை எடைபோடும் அனலாக் பகுதிக்கோ, கடைசிக் கல்லின் தீர்ப்பையே அது புரட்டிவிடும்.

கலப்புச் சுற்று வடிவமைப்பாளரின் பெரும்பாடு, இந்த இரண்டையும் ஒரே சிப்பில் குடிவைப்பதுதான். ஏடிமெகாவில் அனலாக் பகுதிக்கு மின்சாரம் தனிக் காலில் வருகிறது. அதை ஒரு சுருளும் மின்தேக்கியும் வைத்து வடிகட்டித் தரச் சொல்கிறது தயாரிப்பாளரின் குறிப்பேடு. அதுவும் போதாதபோது, அளக்கும் நேரத்தில் மட்டும் புராசஸரைத் தூங்கவைக்கத் தனி ஏற்பாடே உண்டு. அளந்து முடிந்ததும் மாற்றியே அதை எழுப்பிவிடும். ஆகவே திரையில் கடைசி இலக்கம் தத்தளித்தால், நிரலில் கைவைக்கும் முன் சப்ளையையும் கிரவுண்டையும் பாருங்கள்.