விதியென்று விடப்பட்ட வலி

மாதத்தில் மூன்று நாள் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டு படுப்பதும், நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு எழுந்து ஒன்றும் நேராதவள்போல் அடுப்பங்கரைக்குப் போவதும் நம் குடும்பங்களில் வெகுகாலமாக யாரையும் திடுக்கிடச் செய்யாத காட்சிகள். பாட்டி பட்டாள், தாய் பட்டாள், ஆகவே மகளும் படவேண்டியதுதான் என்று அந்த வேதனை ஒரு வம்ச பாத்தியதையாகவே கைமாறி வருகிறது. சுக்குக் கஷாயமும் வெந்தயமும், மிஞ்சினால் மருந்துக் கடையில் வாங்கிய ஒரு மாத்திரையும் அதற்குச் சிகிச்சை. 'கல்யாணமானால் சரியாய்ப் போகும்', 'ஒரு பிள்ளை பிறந்தால் தீர்ந்துவிடும்' என்பவை அதற்குச் சமாதானம். பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் வலி ஓரிரு நாளில் அடங்கி, அன்றாட அலுவலைக் கெடுக்காமல் விலகிவிடுவது உண்மையே. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் மாதந்தோறும் தடைபோடுகிற, மாத்திரைக்குக் கட்டுப்படாத, வருஷம் ஏற ஏறத் தானும் ஏறுகிற வலி ஒன்று உண்டு. அதையும் சாதாரண வலிகளின் கணக்கிலேயே சேர்த்துவிடுவதனால் விளையும் தீங்கு சிறிதன்று. அத்தகைய வலிக்குப் பின்னால் பல சமயம் மறைந்திருக்கும் வியாதிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் பருவத்திலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10-ல் ஒருவர், அதாவது சுமார் 19 கோடிப் பேர், இதற்கு ஆளாகியிருக்கிறார்கள்.

கர்ப்பப்பையின் உட்சுவரை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் அது மாதந்தோறும் தடித்து, வரப்போகும் கருவை ஏற்கச் சித்தமாகி, கரு வராதபோது கரைந்து உதிரத்தோடு வெளியேறுகிறது. இந்தப் படலத்தை ஒத்த திசு கர்ப்பப்பைக்குப் புறம்பே, சினைப்பையின் மீதும், கருக்குழாயின் மீதும், அடிவயிற்றை உட்புறம் மூடியுள்ள சவ்விலும், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையேயுள்ள பள்ளத்திலும், சில சமயம் குடலிலும் மூத்திரப்பையிலும் வேர்கொண்டு வளர்வதே இந்த வியாதி. இடம் மாறினாலும் அதன் குணம் மாறுவதில்லை. அதே ஹார்மோனின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து அதுவும் தடிக்கிறது, கசிகிறது. ஆனால் கசிந்த இரத்தம் வெளியேறுவதற்கு அங்கே வழியில்லை. தேங்கிய இரத்தம் சுற்றியுள்ள இடங்களைப் புண்படுத்தி அழற்சியை மூட்டுகிறது. அழற்சி தணிந்த இடத்தில் தழும்பு படிகிறது. நனைந்த காகிதங்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, தனித்தனியே வழுக்கி நகரவேண்டிய உள்ளுறுப்புகள் நாளடைவில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடுகின்றன.

தொப்புளருகே சிறு துவாரமிட்டு, வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச்செய்து, லாப்ராஸ்கோப் என்னும் குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்க்கும் டாக்டரின் திரையில் இந்நோயின் சொரூபம் பிரத்தியட்சமாகத் தெரியும். புதிதாய்த் தோன்றிய இடங்கள் சிவந்தும், சற்று நாளானவை நீலங்கலந்த கருமையோடு புள்ளி புள்ளியாகவும், மிகப் பழையவை வெளுத்துச் சுருங்கிய தழும்புகளாகவும் காணப்படும். சினைப்பைக்குள் இது புகுந்துவிட்டால், மாதக்கணக்கில் சேர்ந்த பழைய இரத்தம் கெட்டித்துக் கரும்பழுப்பு நிறங்கொண்ட ஒரு கட்டியாகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'சாக்லேட் சிஸ்ட்' என்று எழுதியிருப்பது இதைத்தான். அபூர்வமாகச் சிலருக்கு சிசேரியன் தழும்பிலேயே இத்திசு தங்கி, மாதவிடாய்தோறும் அந்த இடத்தில் ஒரு முடிச்சு வீங்கி வலித்துப் பிறகு தணிவதும் உண்டு. 2019–21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியனாக நிகழும் தமிழ்நாட்டில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்நோயின் சரித்திரம் நெடியது. வியன்னாவில் கார்ல் ரோகிடான்ஸ்கி என்ற வைத்திய மேதை 1860-லேயே இத்தகைய திசுவைக் கண்டு வர்ணித்திருக்கிறார். ஆயினும் இதற்குத் தக்க விளக்கம் தேடி ஆராய்ந்து, இன்று வழங்கும் பெயரையும் நிலைநாட்டியவர் அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்து ஆல்பனி நகரத்தில் ரண வைத்தியராயிருந்த ஜான் ஸாம்ப்ஸன். சினைப்பையின் சாக்லேட் கட்டிகளைப் பற்றி 1921-ல் எழுதிய அவர், 1927-ல் தம்முடைய பிரசித்தமான சித்தாந்தத்தை விரிவாக வெளியிட்டார். மாதவிடாயின்போது உதிரத்தில் ஒரு பகுதி கீழ்நோக்கிச் செல்லாமல் கருக்குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறைக்குள் சிந்துகிறது என்றும், அதோடு சென்ற படலத்தின் துணுக்குகளே அங்கே ஒட்டி முளைக்கின்றன என்றும் அவர் கூறினார். பிற்காலத்தில் சோதித்துப் பார்த்தபோது இவ்வாறு பின்னோக்கிச் சிந்துவது 10 பெண்களில் 9 பேருக்கு நிகழ்கிற ஒன்று என்று தெரிந்தது. எனில் அத்தனை பேருக்கும் ஏன் நோய் வருவதில்லை என்ற கேள்வி எழுகிறது. சிந்திய துணுக்குகளைத் துப்புரவாக அகற்றவேண்டிய நோய்த் தடுப்புச் சக்தி சிலருக்குத் தளர்ந்திருப்பதும், பரம்பரைக் கூறும், ஹார்மோனின் போக்கும் சேர்ந்தே இதை நிர்ணயிக்கின்றன என்பது இன்றைய ஆராய்ச்சியாளரின் கருத்து. இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்ததில் இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறக்குறையப் பாதி பரம்பரையால் வருவது என்று புலனாயிற்று. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் பலமடங்கு அதிகம். ஆகவே, 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்று தாய் சொல்வது மகளைச் சும்மா இருக்கச் சொல்வதற்குக் காரணமாகாது. அவளை டாக்டரிடம் சீக்கிரம் அழைத்துப் போவதற்கே காரணமாகும்.

நோயின் உபாதைகள் மாதவிடாய் நாட்களோடு நிற்பதில்லை. தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் எழும் வலி, மலங்கழிக்கையிலும் சிறுநீர் கழிக்கையிலும் வலி, வயிற்று உப்புசம், எவ்வளவு உறங்கினாலும் தீராத அயர்ச்சி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. புண்பட்ட இடங்களில் புதிய நரம்பிழைகள் வளர்வதாலும், இடைவிடாத வேதனைக்குப் பழகிய மூளையும் தண்டுவடமும் வலியைப் பெருக்கி உணரத் தொடங்குவதாலும், சிறிய புள்ளிகள் மட்டுமே உள்ள ஒருத்தி துடித்துப்போக, உறுப்புகளெல்லாம் ஒட்டிப்போன மற்றொருத்தி வலியே அறியாமல் பிள்ளையில்லாக் குறைக்காகச் சோதித்துக்கொள்ளும்போதுதான் நோயைத் தெரிந்துகொள்கிறாள். வைத்தியர்கள் வகுத்துள்ள நான்கு படிகள் நோயின் பரவலை அளக்குமே தவிர, வேதனையை அளப்பதில்லை.

இந்நோயுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை கருத்தரிப்பதில் சிரமப்படுகிறார்கள். குழாய்கள் வளைந்து அடைபடுவதும், அழற்சி நிறைந்த சூழலில் சினைமுட்டை நலிவதும் அதற்குக் காரணங்கள். 'வயிற்றில் புழு பூச்சி உண்டா', 'விசேஷம் ஒன்றுமில்லையா' என்று ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு நாணித் தலைகுனிந்து, கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டிவிட்டு வருகிறவர்களில், பதினாறு வயதிலேயே வலியால் துவண்டும் யாராலும் விசாரிக்கப்படாமல் போனவர்கள் சிலராவது இருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கலங்குகிறது. இந்நோய் கண்டவர்களெல்லாம் மலடிகள் என்று பயப்படவும் வேண்டியதில்லை. பலர் தாமாகவே கருத்தரிக்கிறார்கள், வேறு சிலர் அறுவைக்குப் பிறகோ சோதனைக்குழாய் முறையாலோ தாயாகிறார்கள்.

முதல் வலிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் இடையே 4 முதல் 11 வருஷங்கள் வரை கழிந்துபோவதாகப் பல தேசங்களில் கண்டிருக்கிறார்கள். இந்தத் தாமதம் படிப்பறிவில்லாதவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2009-லும் 2012-லும் புக்கர் பரிசு பெற்ற ஆங்கில நாவலாசிரியை ஹிலாரி மான்டெல் தம் இருபதாவது வயதை ஒட்டி வலியென்று டாக்டர்களிடம் போனபோது, அவர்கள் அதை மனக்கோளாறு என்று தீர்மானித்து, மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் தொடங்கிச் சித்தப்பிரமைக்குரிய மருந்துகள் வரை கொடுத்தார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த அவருக்கு அளவுமீறிய லட்சியமே நோய் என்று கருதிய மனோதத்துவ வைத்தியரும் இருந்தார். பின்னர் கணவரோடு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா தேசத்தில் வசித்தபோது, வைத்தியப் பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டித் தம் வியாதியைத் தாமே கண்டுபிடித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 27-ஆம் வயதில் லண்டனில் நடந்த அறுவையில் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டு, பிள்ளைப்பேறு என்பது இல்லையென்றாயிற்று. அதன் பிறகும் நோய் திரும்பி வந்தது. 2003-ல் வெளியிட்ட சுயசரிதையில் இவற்றையெல்லாம் அவர் எழுதியிருக்கிறார். சொல்லாற்றலே தொழிலாகப் பெற்ற ஒருவர் சொல்லியே எடுபடாத இடத்தில், கிராமத்துப் பெண்ணொருத்தி எவ்வளவு சொல்லிவிட முடியும்?

நம் ஊர் மருத்துவமனைகளில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். டாக்டர் மகளைக் கேட்கிறார். தாய் பதில் சொல்கிறாள். 'எல்லாருக்கும் வர்ற வலிதாம்மா, இவளுக்குக் கொஞ்சம் பொறுமை பத்தாது' என்கிறாள். மலங்கழிக்கையில் வலிக்கிறதா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அந்தப் பெண் தாயின் முன்னிலையில் நிமிர்ந்து பதில் சொல்வதில்லை. குடல் சம்பந்தமான உபாதை தலைதூக்கினால் 'அல்சர்' என்றும், சிறுநீர் எரிந்தால் 'நீர்க்கடுப்பு' என்றும், வலப்பக்கம் வலித்தால் குடல்வால் என்றும் வெவ்வேறு வைத்தியர்கள் வெவ்வேறு பெயர் சூட்டுகிறார்கள். பிறப்புறுப்பின் வழியே செய்யும் ஸ்கேன் இந்நோயை நன்கு காட்டக்கூடியது. மணமாகாத பெண்ணுக்கு அதைச் செய்யாமல் வயிற்றின்மேல் மட்டும் வைத்துப் பார்த்து, எல்லாம் நார்மல் என்று எழுதித் தருவதும் உண்டு. சிறு புள்ளிகள் எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஸ்கேன் சுத்தமாயிருப்பது நோயில்லை என்பதற்கு அத்தாட்சியன்று. முன்பெல்லாம் லாப்ராஸ்கோப்பால் பார்த்தே தீர்மானிக்கவேண்டும் என்றிருந்த விதியும் இப்போது தளர்ந்திருக்கிறது. நோயாளியின் வரலாற்றையும் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. முதலியவற்றையும் கொண்டே சிகிச்சை தொடங்கலாம் என்று ஐரோப்பிய நிபுணர் சங்கம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது.

இதை வேரோடு களையும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்கும் வழிகள் பல உண்டு. வலியும் அழற்சியும் தணிக்கும் மாத்திரைகள் முதற்படி. கருத்தடை மாத்திரைகளும், டயனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் மருந்துகளும், ஹார்மோன் கசியும் கருப்பை வளையமும் அந்தத் திசுவின் வளர்ச்சியை அடக்கி உதிரப்போக்கைக் குறைப்பவை. 'கருத்தடை மாத்திரை' என்ற பெயரைக் கேட்டதும் மணமாகாத பெண்ணுக்கு அது எதற்கென்று பல குடும்பங்கள் மிரளுகின்றன. இங்கே அது நோய்க்கு மருந்தாகவே கொடுக்கப்படுகிறது, பின்னாளில் பிள்ளைப்பேற்றை அது கெடுப்பதுமில்லை. மருந்துக்கு மசியாதபோதும், கட்டி பெரிதானபோதும், கருத்தரிப்புக்கு உதவவேண்டியபோதும் லாப்ராஸ்கோப் அறுவை செய்து திசுவை அகற்றுகிறார்கள். ஆயினும் சில வருஷங்களில் அது மீண்டும் தலைகாட்டக்கூடும். சினைப்பையில் திரும்பத் திரும்பக் கத்தி வைத்தால் சினைமுட்டைகளின் சேமிப்பும் குறையும். ஆகையால் அறுவைக்குமுன் நன்கு யோசிப்பதும், அனுபவமுள்ள கையை நாடுவதும் அவசியம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்வாரும் உண்டு; வெளியே பரவிய திசுவை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மாத்திரம் எடுப்பதால் வலி தீரும் என்று உறுதி கூற இயலாது. பிள்ளை பெறுவதும் சிகிச்சையாகாது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி அடங்குவது மெய். பிரசவத்துக்குப் பின் அது திரும்பி வருவதும் மெய். நோயைத் தீர்ப்பதற்காகக் கல்யாணம் முடிப்பது நோயாளிக்கு இரண்டாவது பாரத்தை ஏற்றுவதாகும்.

ஆஸ்திரேலியா 2018-லும், பிரான்ஸ் 2022-லும் இந்நோய்க்கென்றே தேசியத் திட்டங்களை வகுத்தன. அரசாங்கம் செய்யவேண்டியது அவ்வாறிருக்க, ஒரு குடும்பம் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. பெண்ணின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வலி எந்தத் தேதியில் தொடங்கி எத்தனை நாள் நின்றது, எத்தனை மாத்திரை விழுங்கினாள், அவை கேட்டனவா, பள்ளியோ வேலையோ எத்தனை நாள் தவறியது, கழிப்பறையில் வலித்ததா என்பவற்றை மூன்று மாதம் எழுதிவரச் சொல்லலாம். அந்தப் பக்கங்களை மேஜைமேல் வைத்தால், 'கொஞ்சம் வலிதான்' என்று நாணத்தால் சுருங்கிப்போகும் வாக்குமூலத்துக்குப் பதிலாக, டாக்டர் தட்டிக்கழிக்க முடியாத சாட்சியம் கிடைக்கும். மகளோடு அவர் தனியே பேசக் கேட்டால் தாய் எழுந்து வெளியே போகலாம். முதல் டாக்டர் அலட்சியம் செய்தால் இரண்டாவது டாக்டரிடம் போகலாம். பெண்ணுக்குப் பொறுமையே ஆபரணமென்று நெடுங்காலமாகப் போதித்துவந்த நம் சமூகம், இந்த ஒரு விஷயத்திலேனும் அவளைப் பொறுக்கவேண்டாம் என்று சொல்லப் பழகவேண்டும்.