புதிய முகாமையாளரும் பழைய ஆட்டமுறையும்

உதைபந்தாட்டக் கழகமொன்று தொடர்ந்து தோல்வியுறுமாயின், முதலிற் பழி சுமப்பவர் அதன் முகாமையாளரே. ஆட்டக்காரர் பதினொருவரையும் ஒருங்கே விலக்குதல் எக்கழகத்திற்கும் இயலாது. ஒருவரை விலக்குதல் எளிது. அவரிடத்துக்கு மற்றொருவர் வருகின்றார். வந்தபின் நடைபெறும் முதலாட்டத்திற் குழு வெற்றியீட்டிவிட்டால், ஆள் மாறினார், ஆட்டமும் மாறிற்று என்று அபிமானிகள் களிகூருவர். இக்களிப்புக்கு ஆதாரம் உண்டா? எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று பார்க்கும் ஒருவர், உள்ளே ஓடும் பதினொருவரின் ஆட்டமுறையைத் திருத்த வல்லவரா? இவ்வினாவைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெறுபேறு வேறு, ஆட்டமுறை வேறு என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். கம்பத்திற் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, நடுவர் காணத் தவறிய ஒரு குற்றம், மழையில் வழுக்கிய ஒரு கால் ஆகிய இவை பெறுபேற்றை மாற்றிவிடும். ஆட்டமுறையோ, பந்து கிடைத்தவுடன் அதை எவருக்குக் கொடுப்பது, இழந்தவுடன் எவர் எங்கே நிற்பது என்னும் பழக்கங்களின் தொகுதி. பழக்கம் ஒரு கிழமையில் உண்டாவதன்று. ஒரு கிழமையில் அழிவதுமன்று.

முகாமையாளர் நீக்கப்படுவது பெரும்பாலும் குழு மிகத் தாழ்ந்திருக்கும் வேளையிலேயே. அத்தாழ்விற் பாதி திறமைக் குறைவாயின், மறுபாதி தற்செயலாயிருத்தல் கூடும். தற்செயலான துன்பம் நெடுநாள் நில்லாது. ஆதலால், பழையவரையே வைத்திருந்தாலும் சில வெற்றிகள் வந்தேயிருக்கும். காய்ச்சல் உச்சத்திலிருக்கும்போது வைத்தியரை மாற்றியவன், மறுநாட் காய்ச்சல் தணிந்ததும் புதிய வைத்தியரின் கைராசியைப் புகழ்வது போன்றதே இது. நெதர்லாந்தின் கழகங்கள் 1986 முதல் 2004 வரை ஆடிய ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் ஒருவர், முகாமையாளரை மாற்றியமையாற் பெறுபேறுகள் மேம்பட்டன என்பதற்குச் சான்று காணவில்லை. இதைக் கண்டு, முகாமையாளர் என்பவர் வெறும் அலங்காரமே என முடிவுகட்டுவோரும் உளர். அவர்கள் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தின் வரலாற்றைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

1924–25 ஆம் ஆண்டுப் பருவத்தில், முதற்பிரிவின் இருபத்திரண்டு கழகங்களுள் ஆர்சனல் இருபதாவது இடத்தில் நின்று, கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்தது. 1925 ஆம் ஆண்டு ஹேர்பேர்ட் சாப்மன் அதன் முகாமையாளரானார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான அவர், ஆட்டக்காரராயிருந்த காலத்திற் பெரும்புகழ் பெற்றவரல்லர். எனினும், ஹடர்ஸ்பீல்ட் என்னும் சிறு நகரத்துக் கழகத்தை 1924 இலும் 1925 இலும் நாட்டின் முதற்கழகமாக்கியவர். பணிப்பாளர் சபையினரே குழுவைத் தெரிந்தெடுத்த அக்காலத்தில், அவ்வதிகாரம் தமக்கே வேண்டுமெனக் கேட்டுப் பெற்றவரும் அவரே.

அவ்வாண்டிலேயே ஓவ்சைட் விதியும் மாறியது. அதற்கு முன், பந்து முன்னோக்கி அடிக்கப்படும் வேளையில் அதைப் பெறுபவருக்கும் கோல் கோட்டிற்குமிடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். புதிய விதிப்படி இருவர் போதும். மாற்றம் சிறிதெனத் தோன்றினும் விளைவு பெரிது. முதற்பிரிவில் முந்திய பருவத்தில் 1,192 ஆயிருந்த கோல்களின் தொகை, அடுத்த பருவத்தில் 1,703 ஆக உயர்ந்தது. பழைய காவல்முறைகள் யாவும் ஒருநாளிற் பழுதாயின.

1925 ஒக்ரோபர் 3 ஆந் திகதி நியூகாசிலில் ஆர்சனல் ஒரு கோலும் பெறாது ஏழு கோல்களால் தோற்றது. அக்குழுவிற் புதிதாகச் சேர்ந்திருந்த சார்ல்ஸ் பக்கன் என்னும் அனுபவசாலி, 'சென்ரர் ஹாவ்' என நம்மவரும் வழங்கும் நடு ஆட்டக்காரர் முன்னும் பின்னும் அலையாது இரு பின்காவலருக்குமிடையே நிலைத்து நிற்றல் வேண்டும் என முன்னரே வற்புறுத்தி வந்தார். அத்தோல்வியின்பின் சாப்மன் அதற்கு இணங்கினார். நடு ஆட்டக்காரர் பின்வாங்கியதால் மைதானத்தின் மத்தியில் விழுந்த வெற்றிடத்தை நிரப்ப, முன்னணியினர் ஐவருள் ஒருவர் பின்னிழுக்கப்பட்டார். இரண்டு நாட்களின் பின் வெஸ்ட் ஹாம் கழகத்துடன் ஆடிய ஆர்சனல் நான்கு கோல்களால் வென்றது. பருவ முடிவில் இரண்டாமிடம் அதற்குக் கிட்டியது.

இக்கதையைக் கூறுவோர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுவர். மந்திரக்கோல் தொட்டது போல முடிகின்ற கதை எவருக்கும் இனியதன்றோ! ஆயின், அதன்பின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் வேண்டுவது. அடுத்த நான்கு பருவங்களில் ஆர்சனல் முறையே பதினோராம், பத்தாம், ஒன்பதாம், பதினான்காம் இடங்களிலேயே நின்றது. யோசனை சரியானதே, அதை ஆடிக்காட்ட வல்லவர் போதியளவில் இருக்கவில்லை. சாப்மன் அவர்களை ஒவ்வொருவராகத் தேடினார். பின்னே நிலைத்து நிற்பதற்கென்றே பிறந்தவர் போன்ற ஹேர்பி றொபேட்ஸ் 1926 இல் வந்தார். டேவிட் ஜாக் 1928 இற் பத்தாயிரம் பவுணுக்கு மேற்பட்ட விலையில் வாங்கப்பட்டார். 1929 இல் அலெக்ஸ் ஜேம்ஸ், கிளிப் பாஸ்ரின் ஆகிய இருவரும் சேர்ந்தனர்.

இவர்களுள் ஜேம்ஸின் செய்தி தனியே கூறத்தக்கது. பிரெஸ்டன் கழகத்தில் அவர் கோல் அடிப்பதிற் பேர்பெற்றவர். சாப்மன் அவரைப் பின்னே நிறுத்தி, பந்தைப் பங்கிட்டு அனுப்பும் பணியை ஒப்படைத்தார். கோலடித்துக் கைதட்டல் பெற்றவருக்கு, பிறர் கோலடிக்க வழிசெய்யும் வேலை முதலிற் கசந்தது, ஆட்டமும் சோபிக்கவில்லை. சாப்மன் பொறுத்திருந்தார். 1930 இல் ஆர்சனல் முதன்முதலாக இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்றது. எதிர்த்து நின்றது அவர் முன்னர் வளர்த்த ஹடர்ஸ்பீல்ட் கழகமே; கோலிரண்டில் முதலாவதை அடித்தவர் ஜேம்ஸ். 1930–31 இல் ஆர்சனல் 127 கோல்கள் அடித்து முதற்பிரிவின் வெற்றிக் கழகமாயிற்று. மந்திரக்கோல் தொட்டதாகக் கூறப்பட்ட அந்த ஒக்ரோபர் மாதத்திற்கும் இதற்குமிடையே ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சென்றுவிட்டது.

எனவே, புதியவரால் ஆட்டமுறை திருந்துமா என்னும் வினாவுக்கு, திருந்தும் என்றே விடை கூறுவேன். ஆனால், எவர் எக்குழுவுக்குச் சென்றாலும் திருந்தும் என்பது அதன் பொருளன்று. பிரயன் கிளவ் என்பவரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1974 ஜூலை மாத இறுதியில் அவர் லீட்ஸ் கழகத்தின் முகாமையாளரானார். டொன் றெவியின் கீழ் நெடுங்காலம் பழகி, அப்பருவத்திற்றான் முதற்பிரிவை வென்ற குழு அது. அக்குழுவின் ஆட்டத்தைக் கிளவ் பல ஆண்டுகளாக வெளிப்படையாய் இகழ்ந்து வந்தவர். இகழ்ந்தவரே தலைவராய் வந்தபோது எவர் செவிசாய்ப்பர்? அவருக்கு உறுதுணையாயிருந்த பீற்றர் ரெய்லரும் உடன்வரவில்லை. லீக்கில் ஆறு ஆட்டங்களில் ஒன்றே வெற்றி. நாற்பத்துநான்கு நாட்களிற் பதவி பறிபோயிற்று. அதே ஆட்டக்காரரிற் பெரும்பாலோர், மற்றொருவரின் தலைமையில், அப்பருவத்திலேயே ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை சென்றனர். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. இங்கோ, கூடமும் கோணலன்று, ஆடுபவரும் ஆடத் தெரியாதவரல்லர். இருதிறத்தாரும் பொருந்தாமையே குற்றம்.

நாலே மாதங்களின் பின், 1975 ஜனவரியில், அதே கிளவ் இரண்டாம் பிரிவில் இடர்ப்பட்டுக்கொண்டிருந்த நொட்டிங்ஹம் பொறெஸ்ட் கழகத்துக்குச் சென்றார். அங்கு இழிக்கப்பட வேண்டிய பழம்பெருமை ஏதும் இல்லை. கேட்பதற்கு ஆட்கள் இருந்தனர். 1976 இல் ரெய்லர் வந்து சேர்ந்தார். ஜோன் றொபேட்சன் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் உடற்கட்டுக் குன்றி, விலைக்குவிடப்படும் நிலையிலிருந்தவர். அவர் இடப்புற ஓரத்தில் நிறுத்தப்பட்டார். பந்தைத் தரையிலே கொண்டுசெல்வது, நடுவரோடு வாதிடாதிருப்பது, கிடைத்த பந்தை றொபேட்சனிடம் சேர்ப்பது என்னும் எளிய முறையே அங்கு நிலைபெற்றது. 1977 இல் முதற்பிரிவுக்கு ஏறிய கழகம் 1978 இல் அதை வென்றது. 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றது. முதல் இறுதியாட்டத்திற் கோலுக்கு வழிசெய்தவரும், மறுவருடக் கோலை அடித்தவரும் றொபேட்சனே. ஜேம்ஸையும் இவரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகின்றது. முகாமையாளர் எவருடைய காலுக்கும் புதிய திறமையை ஊட்டுவதில்லை. உள்ள திறமை பயன்படக்கூடிய இடத்தைக் கண்டு, அங்கே ஆளை நிறுத்துகின்றார்.

முதலாட்ட வெற்றியை அளவுகோலாகக் கொள்வோர் பார்சலோனாவின் 2008 ஆம் ஆண்டுத் தொடக்கத்தையும் எண்ணுக. குவார்டியோலா பொறுப்பேற்றபின் லீக்கில் நடந்த முதலாட்டத்தில், அப்பொழுதுதான் மேற்பிரிவுக்கு வந்திருந்த நுமான்சியாவிடம் அக்குழு தோற்றது. இரண்டாம் ஆட்டத்தைச் சமன் செய்தது. அவ்விரு ஆட்டங்களையே கண்டு தீர்ப்பளித்தவர் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பர். அப்பருவ முடிவில் லீக், நாட்டுக் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் மூன்றும் அவர்கள் கைக்கு வந்தன.

இனி, ஆட்டமுறை உண்மையிலேயே மாறிற்று என்பதை எவ்வாறு அறிவது? மாற்றியவர் நீங்கியபின்னும் அது நிற்குமாயின் அறியலாம். சாப்மன் விட்டுச்சென்ற ஹடர்ஸ்பீல்ட், அவரின்றியே 1926 இல் மூன்றாம் முறையாக முதற்பிரிவை வென்றது. அப்பருவத்தில் அதற்கு அடுத்த இடத்தில் நின்றது அவருடைய ஆர்சனலே. 1934 ஜனவரி 6 ஆந் திகதி அதிகாலையில் அவர் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அன்று பிற்பகல் ஹைபரி மைதானத்திற் குறித்தபடியே ஆட்டம் நடைபெற்றது. சாப்மனின் வழியே சென்ற ஆர்சனல் அப்பருவத்திலும் முதற்பிரிவை வென்றது. அடுத்த பருவத்திலும் வென்றது.