பாரிசவாதத்துக்குப் பிறகு: வீட்டார் கையில் இருக்கும் வைத்தியம்

“அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, இனி அவ்வளவுதான்” என்று லயங்களில் சொல்லக் கேட்கிறோம். அது சரியல்ல. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்புகிறார்கள். தேற்றி எடுக்கும் வேலையில் பெரும்பங்கு நம் வீட்டில்தான் நடக்கிறது.

பாரிசவாதம் கை காலில் வரும் நோயல்ல, மூளையில் வருவது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடும், அல்லது வெடிக்கும். இரத்தம் கிடைக்காத பகுதி செத்துப்போகும். மூளையின் இடப் பக்கம் பாதித்தால் உடம்பின் வலப் பக்கம் விழும். அநேகருக்குப் பேச்சும் தடைப்படும். பேச்சு போனதால் புத்தியும் போய்விட்டது என்று எண்ணக்கூடாது. நாம் பேசுவது பலருக்கு விளங்கும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. ஆகவே அவர் காதுபட “இனி யாரு பார்க்கிறது?” என்று பேசாதீர்கள்.

செத்த பகுதி திரும்பாது. ஆனால் மற்றப் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். புதிதாகக் கொழுந்து எடுக்க வந்த பிள்ளைக்கு விரல் பழகுவது போலத்தான். செய்யச் செய்யத்தான் வரும். முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். 6 மாதத்துக்குப் பின் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. படுக்கையில் இருப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும்.

2. விழுந்த கையைப் பிடித்துத் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். தோள் மூட்டு விலகும்.

3. நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுங்கள். இருமல், புரையேறல் இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

4. குளிருக்கு நெருப்புச் சட்டியோ சுடுதண்ணீர்ப் போத்தலோ விழுந்த பக்கத்தில் வைக்காதீர்கள். சூடு தெரியாமலே வெந்துவிடும்.

5. “சுகமாயிருச்சு” என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். உப்பு, கருவாடு, ஊறுகாயைக் குறையுங்கள். புகையிலை வேண்டாம்.

சிலர் காரணமில்லாமல் அழுவார்கள், கோபப்படுவார்கள். அதுவும் நோயின் குணமே. எப்போதும் சோர்ந்து, பேசாமல், சாப்பிடாமல் இருந்தால் அதற்கும் மருந்து உண்டு, கிளினிக்கில் சொல்லுங்கள்.

இந்தப் பாரம் அநேகமாக மகள் அல்லது மருமகள் தலையில் விழுகிறது. பகலில் மலைக்குப் போய், இரவில் எழும்பி எழும்பிப் பார்த்தால் அவளும் ஒருநாள் படுத்துவிடுவாள். ஆண் பிள்ளைகளும் முறை வைத்துப் பார்க்க வேண்டும். தகப்பனைத் திருப்பிப் படுக்க வைப்பது பெண்களுக்கு மட்டும் உரிய வேலையல்ல.

ஒருமுறை வந்தது மறுபடியும் வரலாம். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 2016இல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்சுக்கு 1990 இலக்கத்தில் உடனே சொல்லுங்கள். தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். “விடியட்டும், பார்ப்போம்” என்று இருந்துவிடாதீர்கள்.