பாதி விலைக்குக் கிடைக்கும் வேகக் கார்

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் வண்டி மந்திரிப்பதற்காக ஆலய முற்றத்தில் சிலர் காத்து நிற்பது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. முன்னாளில் சைக்கிள் வந்தது. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று கார் வருகிறது. வருபவற்றுள் பாதி புதியவை அல்ல. கழுவித் துடைத்து மாலை சூட்டி நிறுத்திவிட்டால் எது புதியது, எது கைமாறியது என்று நமக்குத் தெரிவதில்லை. வண்டிக்குரியவர்களுக்கே சில வேளைகளில் தெரிவதில்லை என்பதுதான் வருந்தத் தக்கது.

ஒரு தவக்கால வெள்ளியன்று, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நம்மைக் காண வந்தார். பங்கில் மதிப்பிற்குரியவர். சிலுவைப் பாதை முடிந்து அனைவரும் சென்ற பிறகு, தயங்கித் தயங்கிப் பேச்சைத் தொடங்கினார்.

“சாமி, பையன் ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறான். போலோ என்று பெயராம். புதிதாய் விற்றபோது பத்து லட்சத்தை ஒட்டி விலையாம். இப்போது அதில் பாதிகூட இல்லை. கியர் போட வேண்டாம், தானே மாறிக்கொள்ளுமாம். என் சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் கேட்கிறான். சின்னவளுக்கு நர்சிங் படிப்புக்கு அடுத்த ஆண்டும் கட்டணம் கட்ட வேண்டும். கொடுக்கலாமா?”

கார் பற்றிப் பங்குச் சாமியாரிடம் கேட்பது முறையோ என்று வாசகர் நினைக்கலாம். குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். கியர் பெட்டியைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும், சமயநல்லூருக்கு அப்பாலுள்ள கிளைக் கிராமங்களுக்குப் பழைய ஜீப்பு ஒன்றை ஓட்டிச் சென்ற ஆண்டுகளில், அதன் அடியில் படுத்தே பாதி வாகன நூல் கற்றுவிட்டோம். எஞ்சியதை அறிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று ஆசிரியரை அனுப்பி வைத்தோம். கேட்டறிந்தவை அவர் வீட்டுக்கு மட்டுமன்றி நம் வாசகர் இல்லங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்றே இங்கு எழுதுகிறோம்.

மகன் விரும்பியது போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. என்னும் வண்டி. ஜெர்மானிய நிறுவனமான ஃபோக்ஸ்வாகன், புனேக்கு அருகிலுள்ள சாகன் ஆலையில் போலோ கார்களைச் செய்து 2010இல் நம் நாட்டில் விற்கத் தொடங்கியது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹாட்ச்பேக் வகை அது. 2013இல் அதே உடலுக்குள் டர்போ பொருத்திய 1,197 சி.சி. பெட்ரோல் எஞ்சினையும் ஏழு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டியையும் வைத்து ஜி.டி. டி.எஸ்.ஐ. என்று வெளியிட்டனர். ஆற்றல் 105 குதிரைத் திறன். அந்நாளில் நம் வீதிகளில் மிகுந்திருந்த 800 சி.சி. கார்களோடு ஒப்பிட்டால் இரு மடங்குக்கும் மேல். இளைஞர் உள்ளம் ஏன் மயங்காது? 2022இல் போலோ விற்பனை நம் நாட்டில் முடிவுற்றது. ஆகவே இனி விரும்புவோருக்குக் கிடைப்பவை எல்லாம் கைமாறியவையே.

அதன் நற்குணங்களையும் மறைக்கலாகாது. 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியக் கார்களை மோதிச் சோதித்தபோது, காற்றுப்பை இல்லாத போலோவுக்கு ஒரு நட்சத்திரமும் கிட்டவில்லை. முன்புறம் இரண்டு காற்றுப்பை உள்ளதற்கு நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. காற்றுப்பை இல்லாத வகையை நிறுவனம் அப்போதே விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. நான்குவழிச் சாலையில் உறுதியாகச் செல்லும் வண்டி என்பதை அதனைக் குறைகூறுவோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இடர் முதன்மையாக அந்தக் கியர் பெட்டியில் இருக்கிறது.

நம் பக்கத்துத் தோட்டங்களில் கமலை இறைத்த காலத்தை மூத்த வாசகர் நினைவுகூரலாம். இரட்டைச் சால் கட்டிய கிணற்றில் ஒரு சால் மேலே வந்து நீரைக் கொட்டும்போது மற்றது கீழே முகந்து ஆயத்தமாக நிற்கும். டி.எஸ்.ஜி. எனப்படும் இப்பெட்டியும் அத்தகையதே. உள்ளே இரண்டு கிளட்சுகள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் கியர்களை ஒரு கிளட்ச் ஏற்கிறது. இரண்டு, நான்கு, ஆறு, ரிவர்ஸ் ஆகியவற்றை மற்றொன்று ஏற்கிறது. ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியர் ஆயத்தமாகிவிடுவதால், மாறுவதே தெரியாமல் மாறிவிடும். இந்த வேலைகளுக்குக் கட்டளையிடும் மூளையும், எண்ணெய் அழுத்தத்தால் அவற்றைச் செய்து முடிக்கும் கையுமாக இருப்பது மெக்கட்ரானிக் என்னும் தொகுதி. கணினியும் பம்பும் வால்வுகளும் ஒன்றாய் அடங்கிய பெட்டி அது.

சில டி.எஸ்.ஜி. பெட்டிகளில் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். வெப்பத்தை எண்ணெய் கொண்டு போய்விடும். இந்த ஏழு கியர் பெட்டியிலோ அவை உலர்ந்தவை. எடை குறைவு, எரிபொருள் மிச்சம். ஆனால் குளிர்விப்பதற்குக் காற்றைத் தவிர வேறு துணை இல்லை. வண்டி அங்குலம் அங்குலமாக ஊரும்போது கிளட்ச் முழுதும் பற்றாமலும் முழுதும் விடாமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். சூடேறும், நாளடைவில் புறப்படும்போது வண்டி நடுங்கும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் கோரிப்பாளையத்தைக் கடந்து வந்தவர்களுக்கும், மாலை ஆறு மணிக்குக் காளவாசலில் நின்றவர்களுக்கும் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. வெயில் நாற்பது டிகிரியை நெருங்கும் நாளில் அந்த ஊர்வலம் மனிதருக்கே தாங்காது.

இது நம் ஊர் மெக்கானிக்குகள் கட்டிய கதை என்று மகன் வாதிட்டான். அன்று. சீனாவில் இதே பெட்டியைப் பற்றி எழுந்த முறையீடுகளால், உத்தரவாதத்தைப் பத்து ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என நிறுவனம் நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2013 மார்ச்சில் அந்நாட்டில் மட்டும் மூன்று லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அவ்வாண்டு நவம்பரில் உலகெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகளில் கியர் பெட்டியின் செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்ற ஏற்பாடு செய்தது. நிறுவனமே கூறிய காரணம்: வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று செல்லும் ஓட்டத்தில், அச்செயற்கை எண்ணெயால் மின்கோளாறு ஏற்படக்கூடும் என்பது. வெப்பமும் நின்று நின்று செல்லும் ஓட்டமும்! மதுரையை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது.

மெக்கட்ரானிக் பழுதானால் முகப்புப் பலகையில் கியரைக் காட்டும் எழுத்து மின்னி மின்னி அணையும். சில வேளைகளில் இழுவை அறவே நின்று வண்டி சாலை நடுவில் நின்றுவிடும். திருமங்கலத்துக்கும் கப்பலூருக்கும் இடையே, பின்னால் லாரி வரும்போது இவ்வாறு நிற்பது விளையாட்டல்ல.

செலவு எவ்வளவு? இதற்காக நகரில் மூன்று பணிமனைகளில் வினவினோம். மெக்கட்ரானிக் தொகுதியைப் புதிதாய் மாற்ற ஒன்றரை லட்சத்துக்குக் குறைத்து ஒருவரும் சொல்லவில்லை. உள்ளிருக்கும் எண்ணெய் அழுத்தக் கலத்தின் கூடு வெடித்திருப்பின், அதை மட்டும் மாற்றும் உதிரித் தொகுப்பு வெளிச்சந்தையில் கிடைக்கிறது. கைதேர்ந்தவர் பொருத்தினால் செலவு வெகுவாகக் குறையும். அக்கைதேர்ந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. இரட்டைக் கிளட்ச் தேய்ந்திருந்தால் அதற்குத் தனியே பல பத்தாயிரம். ஐந்து லட்சத்துக்கும் குறைவாக வாங்கிய காருக்கு ஒரே பழுதில் இவ்வளவு என்றால், கார் பழையதாகிவிட்டது, உதிரிப்பாகம் பழையதாகவில்லை என்று பொருள். பத்து லட்ச ரூபாய்க் காரின் உதிரிப்பாகம் என்றும் பத்து லட்ச ரூபாய்க் காரின் விலையிலேயே கிடைக்கும். ஆசிரியர் இதைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை.

டர்போவைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சினின் புகைவேகத்தால் சுழலும் சிறு விசிறி அது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. வெயிலும் புழுதியும் மிகுந்த நம் பக்கத்தில் அதற்கு முன்பே மாற்றுவது நன்று. மலிவான ஆயில் கூடாது. 502 00 என்னும் தரக்குறி உடையதே வேண்டும். மேலும், பெட்ரோல் நேரே எரியறைக்குள் பீய்ச்சப்படுவதால், காற்று நுழையும் வால்வுகளை அது கழுவுவதில்லை. அங்கே கரி படியும். இஃது இவ்வகை எஞ்சின்கள் பலவற்றுக்கும் பொது. இக்னிஷன் காயில், சஸ்பென்ஷன் புஷ், ஜன்னல் ஏற்றும் மோட்டார் முதலிய சில்லறைப் பழுதுகள் எந்தப் பழைய காருக்கும் உள்ளவையே. அவற்றுக்காக அஞ்ச வேண்டியதில்லை.

எலியை மட்டும் மறந்துவிடலாகாது. நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் காரை நிறுத்தினால் எலி வயரைக் கடிக்கும். வயர்கள் மிகுந்த வண்டியில் அது கடிக்கும் ஒரு வயருக்காக ஒரு தொகுதியையே மாற்ற நேரும். அவ்வாறே மழைநீரும். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதி வெள்ளக்காடானதை அறிவோம். எஞ்சின் வரை நீர் ஏறிய காரை உடனே ஸ்டார்ட் செய்து பார்ப்பது, பிழைக்கக்கூடிய எஞ்சினைக் கொல்வதற்கு ஒப்பாகும். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனிக் கட்டணம் செலுத்தியிராவிட்டால் சாதாரணக் காப்பீடு அச்சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

இத்தனையும் கேட்டபின், அப்படியானால் அந்த வண்டியைத் தொடவே கூடாதா என்று மகனே நேரில் வந்து வினவினான். கேட்ட குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு உரிமையும் இருந்தது. ஐந்து ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்துத் தன் பங்குக்கும் சேமித்திருக்கிறான். தொடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. முறையாகப் பராமரித்து, இப்பெட்டியோடு மகிழ்ந்து ஓட்டுவோர் இருக்கவே செய்கிறார்கள். ஆயினும் பார்க்கும் முறை ஒன்று உண்டு.

விற்பவர் காட்டும் காலை நேரத்தில் காரைப் பார்க்க வேண்டாம். பிற்பகலில் பார்க்க வேண்டும். நெரிசலில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிச் சூடேற்றிய பின், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது நடுக்கம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சிறு மேட்டில் ரிவர்சில் மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும். பழுதுக் குறிகளை ஸ்கேனரில் அழித்துவிட்டு விற்பவரும் உளர். ஆதலால் ஓட்டத்துக்கு முன் ஒருமுறையும் ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும் ஸ்கேன் செய்வதே அறிவுடைமை. கியர் பெட்டியின் எண்ணெய் மாற்றப்பட்டதா, மெக்கட்ரானிக் ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்பதற்குப் பணிமனைச் சீட்டு வேண்டும், வாய்ச்சொல் போதாது. மாற்றப்பட்டிருந்தால் அது குறையன்று, நன்மையே.

ஓட்டும் வகையும் உண்டு. முன் வண்டியோடு ஒட்டி ஊராமல், இடைவெளி விழும்வரை பிரேக்கை நன்கு மிதித்து நின்று, பின் ஒரே மூச்சில் நகர்தல் வேண்டும். நன்கு மிதித்தால் கிளட்ச் முற்றிலும் விலகி நிற்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகையில் வளைவில் வண்டி நின்றால், ஆக்சிலரேட்டரால் தாங்கி நிறுத்துவது கிளட்சை அடுப்பில் வைப்பதாகும்.

வேறு வழியும் இருக்கிறது. 2020இல் புகைவிதி மாறியபோது அதே போலோவில் 1,000 சி.சி. டர்போ எஞ்சின் வந்தது. 110 குதிரைத் திறன். கையால் மாற்றும் ஆறு கியர். தானியங்கி வேண்டுவோர்க்கும் அதில் இரட்டைக் கிளட்சுக்கு மாற்றாகப் பழைய முறையிலான டார்க் கன்வர்ட்டர் பெட்டியே தரப்பட்டது. விலை கூடும், அச்சம் குறையும். நம் மாநிலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் ஹூண்டாய் ஐ20இன் வேக வகையாகிய என் லைன் 2021இல் வந்தது. அதன் தானியங்கியும் இரட்டைக் கிளட்சே என்பதால் மேற்சொன்ன சோதனைகளை அதற்கும் செய்க.

இறுதியில் ஆசிரியர் ஒரு தாளை எடுத்தார். கணக்கு வாத்தியார் அவர். காரின் விலை, பெயர் மாற்றச் செலவு, காப்பீடு, நான்கு டயர் என்று எழுதி, அவற்றின் கீழே ‘கியர் பெட்டிக்கென ஒதுக்க வேண்டியது’ என்று ஒன்றரை லட்சத்தையும் எழுதினார். கூட்டியபோது மகளின் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகையில் கை வைத்தாக வேண்டும் என்று தெரிந்தது. மகன் தாளை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். பிழை இல்லை.

ஜூன் மாதம் தங்கையின் கட்டணம் கட்டப்பட்டது. அண்ணன் அஞ்சலகத்தில் மாதந்தோறும் போடும் கணக்கு ஒன்று தொடங்கியிருக்கிறான். கையால் கியர் மாற்றும் 2020க்குப் பிந்திய வண்டி ஒன்று மேலூர்ப் பக்கத்தில் விலைக்கு இருக்கிறதாம். அடுத்த சனிக்கிழமை பிற்பகல், வெயில் தாழும் முன், ஸ்கேனரோடு மெக்கானிக் வருகிறார். நம்மையும் உடன் வரச் சொல்லியிருக்கிறான்.