‘ரத்தத்துல ஊறின வியாபாரம்’: ஒரு சீனக் குடும்பத்தை முன்வைத்து

‘சீனாக்காரனுக்கு வியாபாரம் ரத்தத்துலயே இருக்குப்பா’ என்றார் நண்பர். தென்கிழக்காசியாவில் சீன வம்சாவளிக் குடும்ப நிறுவனங்கள் மூன்று தலைமுறையாக நிலைத்திருப்பது பற்றிய பேச்சில் வந்தது இது. செட்டியார்களையும் நாடார்களையும் பற்றி நாம் பேசுவதும் இப்படித்தான். வரலாற்றை ரத்தமாக்கிவிட்டால் பிறகு கேள்வி கேட்க ஒன்றுமில்லை.

படித்தவர்கள் ரத்தத்திற்குப் பதில் ‘பண்பாடு’ என்பார்கள். மாக்ஸ் வேபர் கன்ஃபூசிய ஒழுக்கத்தை முதலாளியத்திற்குத் தடையாகக் கண்டார். 1980களில் அதே கன்ஃபூசியம்தான் கிழக்காசிய வளர்ச்சிக்குக் காரணம் என்றார்கள். 1997 நெருக்கடி வந்ததும் அதே குடும்ப உறவுகள் ‘சலுகை முதலாளியம்’ ஆகிவிட்டன. எல்லா முடிவுக்கும் ஒன்றே காரணம் என்றால் அது காரணமே இல்லை.

தாய்லாந்தின் சி.பி. குழுமத்தை எடுத்துக்கொள்வோம். சீனாவின் ஷான்தோவ் பகுதியிலிருந்து வந்த சகோதரர்கள் 1921இல் பாங்காக்கில் வைத்த விதைக்கடை ‘சியா தை’. மாண்டரின் உச்சரிப்பில் அது ‘ஜெங் தா’. தொழிலை நடத்திய அடுத்த தலைமுறைச் சகோதரர் நால்வரின் சீனப் பெயர்களில் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் ‘ஜெங் தா ஜோங் குவோ’ என்று வரும். முதல் பாதி கடை, மறு பாதி சீனா. இவர்களுக்கே தாய்லாந்துப் பெயர்களும் உண்டு; குடும்பப் பெயர் செரவனோன்.

எதற்கு இரண்டு பெயர்? 1938இல் ஆட்சிக்கு வந்த பிபுன் அரசு சீனப் பள்ளிகளை மூடியது. சில தொழில்களைத் தாய்லாந்தியருக்கே ஒதுக்கியது. எந்த நேரமும் ‘அந்நியன்’ ஆக்கப்படக்கூடிய இடத்தில் கடன் கொடுக்கவும் வாய்ச்சொல்லை நம்பவும் சொந்தக்காரனை விட்டால் வேறு யார்? குடும்பம் இங்கே மரபு என்பதைவிட, விலக்கப்பட்டவர்கள் கட்டிக்கொண்ட அரண்.

அந்த மரபும் வளைந்துகொடுத்தே நின்றது. 1969இல் பொறுப்பேற்ற தனின் நால்வரில் இளையவர். மூத்தவருக்கே தலைமை என்ற கன்ஃபூசிய விதி எங்கே போயிற்று? 1979இல் சீனா கதவைத் திறந்தபோது ஷென்சென் நகரின் முதல் அந்நிய முதலீட்டுப் பதிவான 0001 இவர்களுடையது. நெருக்கடியில், 1998இல், ‘லோட்டஸ்’ அங்காடிகளின் பெரும்பங்கை விற்றார்கள்; 2020இல் திரும்ப வாங்கினார்கள். 2017இல் தனின் விலகியபோது தலைமையும் நிர்வாகமும் இரண்டு மகன்களுக்குப் போயின. மகள்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குடும்பத்திற்கு வெளியே இருப்பவர்கள்? 1970களில் சி.பி. தாய்லாந்தில் ஒப்பந்தக் கோழி வளர்ப்பைப் பரப்பியது. குஞ்சும் தீவனமும் நிறுவனம் தரும். கொட்டகை, மின்சாரம், உழைப்பு விவசாயியுடையவை. ஒப்பந்தம் நின்றால் அவனுக்கு மிஞ்சுவது வெறுங்கொட்டகையும் கடனும். பல்லடம் பக்கத்து நண்பர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்று அரணாக இருந்த குடும்பம் மூலதனமாகி, ஆபத்தை வேறொரு குடும்பத்தின் தலையில் இறக்கிவைக்கிறது. விமர்சிக்க வேண்டியது இந்த ஏற்பாட்டை.

இனத்தை அல்ல. 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீனக் கடைகளை எரித்த கும்பலுக்கும் ‘ரத்தம்’ என்ற விளக்கமே போதுமானதாக இருந்தது. பணமிருந்த பலர் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார்கள். அகப்பட்டவர்கள் சிறு கடைக்காரர்கள். வன்புணர்ச்சிக்கு உள்ளான பெண்கள். நண்பரின் அந்தச் சொல்லை லேசாக விட்டுவிட என்னால் முடியாததும் இதனால்தான்.